பூந்திக் கரண்டியில் ஒரு நுரைக்கூடு

மலேசியாவில், கிள்ளானில் நான் முறுக்கு வியாபாரம் செய்கிறவள். கையால் பிழிந்து பிழிந்து தோள்பட்டை இறங்கிப் போனதால், முறுக்குப் பிழியும் இயந்திரம் ஒன்றை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் செய்யச் சொல்லியிருந்தேன். "நேர்ல வந்து ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கினு போங்கம்மா, ரெடியா கீது" என்று பட்டறைக்காரர் போனில் சொன்னதை நம்பிச் சென்னைக்கு வந்தேன். முறுக்குக்காக வந்தவள் தவளைக்காக ஒரு குடியிருப்பையே எதிர்த்துச் சண்டை போட்டேன். ஜெயித்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடக்கம் எனக்கு வராது.

தங்கியது திருமுல்லைவாயிலில், என் சித்தப்பா மகள் மல்லிகா வீட்டில். மூன்று மாடிக் கட்டடம், முதல் மாடியில் அவள் வீடு. எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் தையல்காரி. சட்டைக் காலர் தைத்துத் தைத்து வாங்கிய வீடு அது. கணவர் லாரி ஓட்டுகிறவர், அந்த வாரம் ஒரிசாப் பக்கம் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் போய் இறங்கியபோது லேசான தூறல். ஐப்பசி பிறந்தும் மழை சரியாகப் பிடிக்கவில்லை, சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போகிறது என்றார் ஆட்டோக்காரர். மல்லிகா எனக்குச் சுடச்சுட இட்லியும் வடகறியும் வைத்தாள். வடகறி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, அந்த நாசி லெமாக்கை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனாலும் அன்று மூன்றாவது முறையும் கேட்டு வாங்கினேன். கரண்டியை நீட்டிய மல்லிகாவின் மணிக்கட்டு வீங்கிப்போய் இருந்தது.

"என்னடி இது?"

"துணி தொவைக்கிறேன்க்கா, கையாலதான்."

"புது மெஷின் வாங்கினதா போட்டோ அனுப்பினியே?"

அவள் குளியலறைக் கதவைத் திறந்து காட்டினாள். மெஷின் புத்தம் புதிதாக நின்றது. அதன் கழிவுநீர்க் குழாயின் வாயில் பழைய துணியைத் திணித்து, மேலே சணல் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கட்டியவர் கீழ்வீட்டு ஏகாம்பரம், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அந்த நிலம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நெல்வயல். அதை விற்றுக் கட்டடம் எழும்பிய பிறகு தரைத்தள வீட்டை வைத்துக்கொண்டு, கட்டடம் முழுவதையும் இன்னும் தன் வயலாகவே பார்த்துவருகிறவர்.

மல்லிகா சொன்ன கதை இது. மெஷின் வந்த வாரம் முதல் மழை. அடுத்த நாள் தண்ணீர் லாரி வந்தபோது, தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின், அதாவது சம்ப்பின் மூடியைத் திறந்திருக்கிறார்கள். உள்சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி நுரை. மல்லிகாவின் கழிவுநீர்க் குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது. வேறு சாட்சி எதற்கு? குழாய் எங்கோ கசிகிறது, சோப்புத் தண்ணீர் சம்ப்பில் கலக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். இருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அன்று முழுக்கக் கட்டடத்தில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. எல்லார் கோபமும் மல்லிகா தலையில் இறங்கியது.

இந்தப் பக்கத்து ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள். ஏரியிலும் கால்வாயிலும் நுரையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். இங்கே நுரை என்றால் ஒன்று சோப்பு, இல்லையென்றால் கெமிக்கல். மூன்றாவதாக ஒன்று உண்டு என்று யாருக்கும் தோன்றாது.

"ஞாயித்துக்கெழம பிளம்பர் வர்றாருக்கா. பாத்ரூம் தரைய ஒடைச்சுப் பாக்கணுமாம். இந்த டைல்ஸ் பதிச்சு ஒரு வருஷம்கூட ஆவல" என்றாள். நீலப் பூப்போட்ட டைல்ஸ், அவளே கடை கடையாக ஏறிப் பொறுக்கியது. அவள் அழவில்லை.

அப்போது வெளியே ஒரு சத்தம் கேட்டது. நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தட்டுவதுபோல, 'டக் டக் டக்' என்று. நின்றது. மறுபடியும் டக் டக். எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட சத்தம். ஆனால் பயண அசதி, வடகறி மயக்கம், அப்படியே தூங்கிப்போனேன்.

புதன்கிழமை காலை பசியாற உட்காரும்போதே கீழே கூச்சல். தண்ணீர் லாரி வந்திருந்தது, சம்ப் திறந்திருந்தது, கட்டடமே சுற்றி நின்றது. ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டியபடி மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"யம்மா மல்லிகா! கீய எறங்கி வா. மெஷினே போடலன்னு சொன்னியே, இது இன்னா? கண்ணால பாரு!"

மல்லிகா இறங்கிப் போய் எட்டிப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. "நான் தொடவே இல்லண்ணா. நீங்க கட்டுன கயிறு அப்பிடியே கீது."

"அப்ப நுரை எங்கேர்ந்து வந்துச்சு? ஆகாசத்துலேர்ந்தா? ராத்திரில கயித்த அவுத்துட்டு மெஷின போட்டுட்டு, காத்தால மறுபடியும் கட்டிடறியா?"

குழாய் கசிவு என்பது வீட்டின் குற்றம். இது அவள்மேல் திருட்டுப் பட்டம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சம்ப்புக்குள் குனிந்து பார்த்தேன்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், ரம்புத்தான் மரத்தடியில் ஒரு நீல டிரம் இருக்கிறது. மழைக் காலம் வந்தால் அதன் உள்விளிம்பில் இதே நுரை, இதே தேங்காய்மூடி அளவு, இதே இடத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தவளையின் கூடு. தவளைகளில் பெரும்பாலானவை தண்ணீரிலேயே முட்டையிடும். இவள் மட்டும் நாசூக்குக்காரி. தண்ணீரில் விட்டால் மீன் தின்னும், பூச்சி தின்னும் என்று மேலே சுவரில் கூடு கட்டுகிறாள். ஆணைச் சுமந்துகொண்டு சுவரில் ஒட்டி உட்கார்ந்து, உடம்பிலிருந்து ஒரு பசையைக் கசியவிட்டு, பின்னங்கால் இரண்டாலும் அதை அடி அடியென்று அடிப்பாள். கேக்குக்கு முட்டை அடிக்கிற மாதிரிதான். நுரை பொங்கப் பொங்க அதற்குள்ளேயே முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடுவாள். வெளிப்பக்கம் காய்ந்து தோலாகும், உள்ளே ஈரமாகவே இருக்கும். முட்டைகள் அதற்குள்ளேயே பொரிந்து, மழைத்தண்ணீர் பட்டு நுரை கரையும்போது தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும்.

"இது சோப்பு இல்லை. தவளை முட்டை" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை.

"யக்கா, மலேசியாலேர்ந்து வந்துகீற. மரியாதயா சொல்றேன்" என்றார் ஏகாம்பரம். "இந்த மண்ணுல பொறந்து வளந்தவன் நானு. தவளை முட்டை தண்ணிலதான் மெதக்கும், கருப்பு கருப்பா. செவுத்துல நுரை தள்ளாது. உங்க ஊர்ல தவளை வாசிங் பவுடர் துண்ணுட்டு முட்டை போடுதா?"

"இது மரத்தவளை."

"தேரையச் சொல்றியா? பாத்ரூம்ல ஒட்டிக்கினு நிக்குமே, அதுவா?"

"அதுதான். மூடியில் ஒரு மூலை உடைந்திருக்கிறதே, அதன் வழியாகப் போயிருக்கும். சோப்பு நுரை என்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடாதா? தொட்டுப் பாருங்கள், எவ்வளவு கெட்டியாக இருக்கிறது!"

"இப்ப வர்ற சோப்பு அப்பிடி" என்றார் அவர்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "யோவ் பெர்சு, ஊத்தவா வேணாவா? அடுத்த லோடு வெயிட்டிங்ல கீது!" யாரோ பிளீச்சிங் பவுடர் டப்பாவை எடுத்து வந்துவிட்டார்கள். அது உள்ளே விழுந்தால் முட்டையும் போச்சு, மல்லிகாவின் மானமும் போச்சு.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு அவகாசம் கொடுங்கள்" என்றேன். "இதிலிருந்து உயிர் வந்தால், என் தங்கையின் தரையை ஒருவரும் தொடக் கூடாது. வரவில்லையென்றால் முதல் டைலை நானே உடைக்கிறேன்."

வாய் கொடுத்தாயிற்று. மல்லிகா ஓடிப்போய்த் தோசைத் திருப்பியைக் கொண்டுவந்தாள். நான் சம்ப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்தேன். மல்லிகா என் காலைப் பிடித்துக்கொண்டாள். என் வயதில், என் சுற்றளவில், ஒரு தெருவே பார்க்கக் குழிக்குள் தலையைவிட்டுத் தொங்குவது சாதாரண விஷயம் இல்லை. சுவரோடு சுவராகத் திருப்பியை நுழைத்து, அடிப்பிடித்த தோசையை எடுப்பதுபோல மெல்ல மெல்லப் பெயர்த்தேன். முழுசாக வந்தது.

எங்கே வைப்பது? என் பெட்டியில் ஒரு பெரிய பூந்திக் கரண்டி இருந்தது. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் அம்பத்தூரில் இறங்கி ஆசைப்பட்டு வாங்கியது. கொய்யா மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, குறுக்கே கரண்டியைக் கிடத்தி, அதன்மேல் நுரையை வைத்தேன். கரண்டியின் கண்கள் தலைப்பிரட்டை விழத் தோதான அகலம். தெய்வம் எனக்காகவே செய்துவைத்த கரண்டி.

"இது என் சன்னலுக்கு நேராத்தான் கீது. எவனும் தில்லுமுல்லு பண்ண முடியாது" என்று ஏகாம்பரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அருகில் போட்டார்.

கூட்டம் கலையும்போது மாடிவீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள், "யக்கா, நுரைய அடிக்கிறது ஆம்பளத் தேரையா, பொம்பளத் தேரையா?"

"ஆணும் சும்மா ஒப்புக்குக் காலை ஆட்டுவான். அடிக்கிறது பெண்தான்."

"அங்கியும் தொவைக்கிற வேல நமக்குத்தானா" என்றாள் மல்லிகா. நான் வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் தமாஷ் அது.

வியாழக்கிழமை பட்டறைக்குப் போனேன். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் அம்பத்தூர் பக்கம்தான், ஆனால் பெண்கள் பெட்டியில் பூக்கூடைக்கும் கல்லூரிப் பைக்கும் நடுவில் ஒற்றைக் காலில்தான் நின்றேன். ரெடியாக இருந்த இயந்திரம் ரெடியாக இல்லை. மோட்டார் இருந்தது, உருளை இருந்தது, முறுக்கு வெளியே வருகிற அச்சுத்தட்டு மட்டும் இல்லை. அது காட்டுப்பாக்கத்தில் ஒரு லேத்தில் கடைசலில் இருக்கிறதாம். "நாளைக்கு நீங்களே ஒரு எட்டு போய் எடுத்துக்கினு வந்துடுங்கம்மா" என்றார் பட்டறைக்காரர், ஏதோ எனக்கு உதவி செய்கிறவர்போல.

கோபத்தில் வெளியே வந்தவள், பட்டறைச் சுவரோரம் தேங்கிய மழைத் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டேன். கருகமணிச் சரம்போல, கண்ணாடிக் குழாய்க்குள் வரிசையாகக் கறுப்பு மணிகள். இரண்டு சரமாகப் புல்லைச் சுற்றிச் சுற்றி ஓடியது. சொறித்தவளையின் முட்டை. நுரைக் கூடெல்லாம் அவளுக்குக் கிடையாது. கிடைத்த குட்டையில் நடந்துகொண்டே சரத்தை இழுத்துவிட்டுப் போகிறவள். ஏகாம்பரம் சொன்னதும் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கறுப்பாகத் தண்ணீரில் கிடக்கிற முட்டையைத்தான் அந்த மனிதர் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறார்.

அருகில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் இருவர் நான் எதைப் பார்க்கிறேன் என்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் இந்தியில் மற்றவனிடம் சொன்னது, என் பின்னாலேயே வந்த பட்டறைக்காரர் எனக்குச் சொன்ன தமிழில் இப்படி: "எங்க ஊர்ல இது வந்தா நாத்து நட ஆரம்பிச்சிடுவாங்க. இங்க வந்தா ஓவர்டைம் ஆரம்பிக்குது."

திரும்பி வந்தால் கொய்யா மரத்தடியில் ஒரு புதுமை. என் டப்பின் பக்கத்தில் இன்னொரு டப், இன்னொரு கரண்டி, அதன்மேல் மலைபோல் சோப்பு நுரை. மல்லிகாவிடமிருந்தே பவுடரை வாங்கி ஏகாம்பரம் அடித்து வைத்தது.

"ரெண்டும் ஒண்ணா காயுதா பாப்போம். ஞாயம்னா ஞாயம்" என்றார். எனக்கு அந்த ஆளைக் கொஞ்சம் பிடித்துப்போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சோப்பு நுரை குழைந்து, அமுங்கி, ஒரு குமிழிகூட மிச்சமில்லாமல் போனது. என் நுரை அசையவில்லை. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

"இது கைல அடிச்ச நுரை" என்றார் ஏகாம்பரம் அசராமல். "மெஷின்ல சுத்துன நுரை வேற."

வெள்ளிக்கிழமை காட்டுப்பாக்கம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வந்து, அங்கே ஷேர் ஆட்டோ ஏறினேன். எட்டுப் பேருக்கு மேல் அடைத்துக்கொண்டு, என் மடியில் யாருடைய டிபன் கேரியரோ ஏறிக்கொள்ளப் போனோம். வழியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எங்கள் கிள்ளானில் மழை தினமும் வருகிற உறவினர் மாதிரி, வரும், போகும். இங்கே மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வருகிறது, போக்குவரத்தெல்லாம் நின்றுவிடுகிறது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி, இருமி, நின்றது.

"எறங்குங்க எறங்குங்க, ஒரு கை குடுங்க மாமே!" என்றார் ஓட்டுநர். முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். அப்போது பக்கத்துக் காலி மனையிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு முழக்கம். பார்த்தால், நிரம்பிய மனை முழுக்க எலுமிச்சை மஞ்சளில் தவளைகள். பெரிய பெரிய ஆண் தவளைகள். சாதாரண நாளில் சேற்று நிறத்தில் கிடக்கிறவை, நல்ல மழை விழுந்ததும் மஞ்சள் பட்டுடுத்தி வந்துவிடுகின்றன. தாடையின் இரண்டு பக்கமும் ஊதா நிறத்தில் பலூன் ஊதுகின்றன. ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, ஒரு பெண் கண்ணில் பட்டால் நான்கு பேர் பாய்ந்து, தண்ணீர் அல்லோலகல்லோலப்பட்டது. பிடித்தவன் அவள் முதுகில் ஏறி இறுக்கிக்கொள்வான். அவள் முட்டையைத் தண்ணீரில் விட விட இவன் மேலேயே உயிர்நீரை விடுவான். அவ்வளவுதான் கல்யாணம். ஐயர் இல்லை, மேளமும் அவர்களே.

"பாருடா, மஞ்சத் தண்ணி ஊத்துன மாதிரி" என்று வாய்பிளந்தார் ஓட்டுநர். ஆட்டோவைத் தள்ள மறந்து எல்லாரும் நின்று பார்த்தோம். டிபன் கேரியர்க்காரர் மட்டும், "சாரே, என் சாம்பார் ஆறுது" என்று முணுமுணுத்தார்.

அச்சுத்தட்டு தயாராக இருந்தது, அதிசயம்தான். அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு நனைந்த கோழியாக வீடு சேர்ந்தேன். திருமுல்லைவாயிலில் ஒரு சொட்டு மழை இல்லை.

சனிக்கிழமைதான் எனக்குப் பயம் வந்தது. ஐப்பசியா சித்திரையா என்று கேட்கிற வெயில். பட்டறைக்குப் போய் இயந்திரத்தில் முறுக்குப் பிழிந்து பார்த்தேன், சுற்று பிசகாமல் விழுந்தது, ஆனால் சந்தோஷப்பட மனம் இல்லை. வீட்டுக்கு வந்து நுரையைப் பார்த்தேன். வெண்மை போய்ப் பழுப்பேறி, சுருங்கி, ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. விரலால் தொட்டால் அப்பளம்போல இருந்தது. நான் தண்ணீர் தெளித்தேன், வாழை இலையால் நிழல் கட்டினேன். உள்ளே உயிர் இருக்கிறதா, செத்ததா? பிரித்துப் பார்க்கக் கை பரபரத்தது. பார்த்தால் கெட்டுவிடும்.

"சுவர்லேர்ந்து எடுக்காம விட்டிருக்கணுமாக்கா?" என்று மல்லிகா மெதுவாகக் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். அவள் பாத்ரூமில் இருந்த வாளி, குவளை, சோப்புப் பெட்டியையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், பிளம்பர் உடைக்கத் தோதாக. நான் வாய் கொடுத்து அவள் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிட்டேனோ? அன்று பரோட்டா சால்னாகூட இறங்கவில்லை. அதை விட்டு வைத்தேன் என்றால் என் கவலையைப் புரிந்துகொள்ளுங்கள்.

பொழுது சாயும்போது எட்டிப் பார்த்தேன். ஏகாம்பரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சொம்பிலிருந்து தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி, நுரைமேல் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சொம்பைப் பின்னால் மறைத்தார்.

"நாளைக்கு, நான் காயப்போட்டுட்டேன்னு சொல்லக் கூடாதுல்ல" என்றார்.

ஞாயிறு விடிந்தது மூட்டத்தோடு. பிளம்பர் பாபு சுத்தியலும் உளியுமாக வந்துவிட்டார். கரண்டியில் ஒன்றும் நடக்கவில்லை. பழுப்புக் கட்டி, அவ்வளவுதான். சங்கத்தார் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, மாடி ஏறினார்கள். ஏகாம்பரம் மட்டும் தன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க ஆரம்பிங்க. நான் இங்க ஒரு கண்ணு வெச்சிகினு கீறேன்" என்றார்.

குளியலறை வாசலில் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "இன்னும் பொழுது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ராத்திரி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்."

"எனக்கு வேற ஊட்லயும் வேல கீது யக்கா" என்றார் பாபு.

"விடுக்கா" என்றாள் மல்லிகா. "ஒடைக்கட்டும். ஒண்ணும் இல்லன்னு அப்பவாச்சும் தெரியட்டும்." என் கையைப் பிடித்து இறக்கினாள். அந்த வீங்கிய மணிக்கட்டின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

பாபு உட்கார்ந்து, ஒரு நீலப் பூவின்மேல் உளியை வைத்தார். அப்போதுதான் மழை தொடங்கியது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டினதுபோல ஒரே அடியாக இறங்கியது. முதல் அடி விழுந்தது. டைலின் மூலை ஒன்று சிதறி என் காலடியில் வந்து விழுந்தது. பாபு இரண்டாவது அடிக்குச் சுத்தியலை ஓங்கினார்.

"டேய் பாபு! நிறுத்துடா!"

கீழேயிருந்து வந்த குரல். மழையையும் மீறிக் கட்டடமே அதிர்ந்தது.

"நிறுத்துடா டேய்! கொயந்தைங்க வியுதுடா! மல்லிகா! யம்மா மல்லிகா! கொயந்தைங்க வியுதும்மா!"

எப்படி மாடி இறங்கினேன் என்று தெரியாது. ஏகாம்பரம் கொட்டும் மழையில் டப்பின் முன்னால் மண்டியிட்டிருந்தார். குடை எங்கோ பறந்து கிடந்தது. கரண்டியில் நுரை இளகி, கண்ணுக்குக் கண் வழிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளி தொங்கும், நீளும், அறுந்து விழும். விழுந்த துளிக்கு வால் இருந்தது! தண்ணீரைத் தொட்டதும் அது நெளிந்து ஓடியது. சூடான எண்ணெயில் பூந்தி விழுவதுபோல ஒன்று, பிறகு இரண்டு, பிறகு பொலபொலவென்று. டப் முழுக்க இக்குணூண்டு வால்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடிக் கண்.

நான் கத்தினேன். வெட்கமில்லாமல் கைகொட்டிக் குதித்தேன். சங்கத்தார் அத்தனை பேரும் நனைந்துகொண்டே டப்பைச் சுற்றி நின்றார்கள். பாபு உளியோடு வந்து எட்டிப் பார்த்து, "ஐய, நெசமாவே தேரைக் குட்டி!" என்றார். மல்லிகா எல்லாருக்கும் பின்னால் நின்றாள். கூட்டம் தானாகவே விலகி அவளுக்கு வழிவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். இத்தனை நாள் அழாதவள் அப்போது அழுதாள்.

ஏகாம்பரம் எழுந்தார். ஈரம் சொட்டச் சொட்ட மாடி ஏறினார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். குளியலறைக்குள் போய், மெஷின் குழாயில் தான் கட்டிய சணல் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார். கயிறு ஊறி இறுகிப்போயிருந்தது. மல்லிகா தன் தையல் கத்தரிக்கோலை நீட்டினாள்.

"வேணாம். நான் கட்டுனது, நானே அவுக்கறேன்" என்றார். நகத்தால் ஆகவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். அந்தக் கட்டடத்தின் செயலாளர், அத்தனை பேர் பார்க்க, தரையில் உட்கார்ந்து பல்லால் முடிச்சை அவிழ்த்தார். துணியை உருவி எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"தப்பு என்னுதும்மா. மனசுல வெச்சிக்காத. போடு மெஷின" என்றார். உடைந்த டைலைப் பார்த்தார். "இதையும் நானே மாத்திக் குடுக்கறேன்."

"அது அப்பிடியே இருக்கட்டும்ணா" என்றாள் மல்லிகா. "அது எனக்கு வேணும்."

டப் இப்போதும் கொய்யா மரத்தடியில்தான் இருக்கிறது. சம்ப் மூடியின் உடைந்த மூலைக்கு வலை அடித்தாயிற்று. பிளீச்சிங் டப்பாவோடு யாரும் மரத்துப் பக்கம் போகக் கூடாது என்பது சங்கத்தின் புதுச் சட்டம். பூந்திக் கரண்டியை நான் திரும்பக் கேட்கவில்லை. போன வாரம் ஏகாம்பரத்திடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது, முழுத் தொண்டையில்: "மலேசியாக்கா! பின்னங்கால் வந்துட்டுதுக்கா!" முறுக்கு இயந்திரம் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு மறக்காதது மல்லிகாதான். மூடியிருந்த கையை விரித்தவள்போல வீடு முழுக்கச் சுற்றினாள். அழுக்குத் துணியைப் போட்டாள். திரைச்சீலைகளைக் கழற்றிப் போட்டாள். தலையணை உறை, கால்மிதி, துவைத்து மடித்து அலமாரியில் இருந்த சேலைகளைக்கூட எடுத்து வந்து போட்டாள். பொத்தானை அழுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மெஷின் சுற்றுவதைச் சினிமா பார்ப்பதுபோல நின்று பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடிக்குள் பொங்கிய நுரையில் நான் மறுநாள் பயணத்துக்கு எடுத்து வைத்திருந்த சேலையும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மழையில் அது எங்கே காயும்? திங்கட்கிழமை ஈரச் சேலையோடு விமானம் ஏறி, கிள்ளான் வரைக்கும் தும்மிக்கொண்டே, சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.